பல் கிளினிக்கில் குறட்டைப் பரிசோதனை

ஈரோடு பெருந்துறை ரோட்டில் இருக்கும் இந்தப் பல் கிளினிக்கில், தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறுக்கான அறிகுறிகளையும் பார்க்கிறார்கள். இந்தக் கோளாறு இருக்கும் அபாயத்தைக் கணிக்கும் ‘ஸ்டாப்-பேங்’ படிவத்தில் 8 கேள்விகள்; 3 ‘ஆமாம்’ வந்தாலே கவனிக்கணும், 5 வந்தால் அபாயம் அதிகம். கழுத்தளவு 40 செ.மீ. தாண்டினால் அதுவும் ஒரு ‘ஆமாம்’. காலர் பட்டனைக் கழற்றச் சொல்லி, டேப்பை வெறும் கழுத்தில் சுற்றி அளப்பது ரொம்பச் சரி. துணிமேல் அளந்தால் கணக்கே தப்பிவிடும். நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தடத்தையும், தேய்ந்த கடைவாய்ப்பல்லையும் கண்ணாடியில் காட்டுகிறார்கள்.

தூக்கத்தில் மூச்சு நின்றதை யாராவது பார்த்தார்களா என்ற கேள்விக்குத் தனியாகப் போனால் பதில் தெரியாது, வீட்டுக்காரரையோ வீட்டுக்காரம்மாவையோ கூட்டிட்டுப் போங்க.

குறை ஒன்றுதான்: தாடையை முன்னே இழுத்துவைக்கும் கிளிப்பை அன்றைக்கே விற்கப் பார்க்கிறார்கள். தூக்கப் பரிசோதனை செய்து, டாக்டர் நோயை உறுதிசெய்யும் வரை அதை வாங்காதீங்க.