உண்ணித் தடுப்பு மருந்துகள்: ஐந்து ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

ஒரு நாயும் ஒரு பூனையும் வளரும் எங்கள் வீட்டில், உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் எதிராக ஐந்து ஆண்டுகளாகப் பயன்படுத்திய மருந்துகளைப் பற்றி எழுதுகிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் ஃபிப்ரோனில் சொட்டு மருந்து. அதன்பின் இன்றுவரை நாய்க்கு ஃப்ளூரலானர் மாத்திரை.

சொட்டு மருந்து மோசமானதன்று. அது தோலின் எண்ணெய்ப் பசையில் கலந்து உடல் முழுதும் பரவுவதால், இடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள்கள் குளிப்பாட்டக் கூடாது. மாதம் தவறவும் கூடாது. நான் இரண்டையும் செய்தேன். ஒரு முறை மருந்திட்ட மறுநாளே குளிப்பாட்டினேன்; அடுத்த தவணையை மூன்று வாரங்கள் தள்ளிப்போட்டேன். அந்த இடைவெளியில்தான் எங்கள் நாய் மணி சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுக்கத் தொடங்கினான். மூன்றாம் நாள் காலையில் அவன் மூக்கிலிருந்து சொட்டிய இரத்தம் தரையில் வரிசையாகக் கிடந்தது. முன்னங்கால் விரலிடுக்கை விரித்துப் பார்த்தபோது, ஆமணக்கு விதையைப் போல் பருத்த உண்ணி ஒன்று ஒட்டியிருந்தது.

இரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் 38,000 மட்டுமே இருந்தன. நாய்க்கு ஏறத்தாழ 2 லட்சமாவது இருக்க வேண்டும். எர்லிக்கியா கேனிஸ் என்னும் பாக்டீரியா வெள்ளணுக்களுக்குள் புகுந்து வளரும் நோய் இது. கடிபட்டு ஒன்று முதல் மூன்று வாரங்கள் கழித்தே அறிகுறி தெரியும் என்பதால், நான் கண்ட உண்ணியைக் குற்றம் சொல்ல முடியாது. அதற்கு முன்பே வேறொன்று கடித்துவிட்டு உதிர்ந்திருக்க வேண்டும். டாக்ஸிசைக்ளின் 28 நாள்கள் கொடுத்தோம். நான்காம் நாளே அவன் வாலாட்டிக்கொண்டு ஓடிவந்தான். இனி மாத்திரை எதற்கு என்று வீட்டில் எல்லோருக்கும் தோன்றிய நாள் அதுதான். பாதியில் நிறுத்தினால் கிருமி மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் தங்கி நாள்பட்ட நோயாக மாறக்கூடும் என்று மருத்துவர் கண்டிப்புடன் சொன்னதால் முழுமையாக முடித்தோம்.

பிறகு ஃப்ளூரலானருக்கு மாறினோம். உணவோடு கொடுத்தால் ஒரு மாத்திரை ஏறத்தாழ 12 வாரங்களுக்குப் பயன்தருகிறது. குளியல் ஒரு தடையே இல்லை. ஆனால் இது உண்ணியை விரட்டும் மருந்தன்று என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. உண்ணி கடித்து இரத்தம் உறிஞ்சிய பின்னரே சாகிறது. இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும் பபேசியா பரவுவதற்கு உண்ணி பொதுவாக இரண்டு நாள்களாவது ஒட்டியிருக்க வேண்டும் என்பதால், அந்த நோய்க்கு எதிராக மாத்திரையை நான் பெரிதும் நம்புகிறேன். எர்லிக்கியாவோ சில மணி நேரத்திலேயே பரவிவிடக் கூடியது. ஆகவே மாத்திரை இருந்தாலும் ஒவ்வொரு நாள் மாலையும் காது மடல், அக்குள், விரலிடுக்கு ஆகியவற்றைத் தடவிப் பார்ப்பதை நாங்கள் விட்டதில்லை. வலிப்பு வந்த வரலாறுள்ள நாய்க்கு இவ்வகை மாத்திரையைத் தாமாகக் கொடுக்கக் கூடாது; அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இதுகுறித்து 2018-இல் எச்சரித்துள்ளது.

பூனையின் தொல்லை தெள்ளுப்பூச்சி. சீப்பில் வந்த கரும்பொடியை ஈரப் பஞ்சில் வைத்தபோது அது செம்பழுப்பாகக் கரைந்தது. பூச்சி கழித்த இரத்தம் அது. வால் அருகே அரிசி மணி போன்ற நாடாப்புழுத் துண்டுகளும் தென்பட்டன. தெள்ளுப்பூச்சியை நக்கி விழுங்குவதால் வருவது. பூனைகளுக்கான சொட்டு மருந்தை இட்ட பின்னும் சில வாரங்கள் புதிய பூச்சிகள் வந்துகொண்டே இருந்தன. மருந்து தோற்றுவிட்டது என்று எண்ணினேன். உண்மையில் விரிப்பிலும் இடுக்கிலும் இருந்த கூட்டுப்புழுக்கள் வெளிவந்துகொண்டிருந்தன. படுக்கைத் துணிகளை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து, தரையிடுக்குகளைத் தூசு உறிஞ்சியால் சுத்தம் செய்த பின்னரே ஓய்ந்தது. நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்கு ஒருபோதும் இடாதீர்கள். நடுக்கமும் வலிப்பும் வந்து உயிரே போகக்கூடும்.

நாய் உண்ணி சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் என்பதால் மணி படுக்கும் மூலையின் விரிசல்களைப் பூசி அடைத்தோம். சென்ற மாதம் அவன் காது மடலில் தட்டுப்பட்ட ஒரே உண்ணி, கால்கள் மடங்கி, காய்ந்து போயிருந்தது.