இணையவழிப் பௌதிகவியல் வகுப்பு: முல்லைத்தீவு முத்தையன்கட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

உயர்தரக் கணிதப் பிரிவில் படிக்கும் என் மகளை, யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் நடத்தும் இணையவழிப் பௌதிகவியல் வகுப்பில் சேர்த்துப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. மாதக் கட்டணம் 2,500 ரூபாய். வாரத்துக்கு இரண்டு நேரலை வகுப்புகள் நடைபெறுகின்றன. தவறவிட்டால் காணொளியை ஒரு வாரம் வரை பார்க்கலாம். ரியூட் எனப்படும் அச்சிட்ட பாடக்குறிப்பு கூரியரில் வருகிறது. ஒரு முறை கார்த்திகை மழையில் ஊறிய பொதி வந்து சேர்ந்தது. அறிவித்ததும் வேறொன்று அனுப்பினார்கள். கொடுத்த காசுக்கு மோசமில்லை.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது என் மூத்த மகனுக்குக் கிடைத்த தொலைக்கல்வி இப்படியா இருந்தது? வட்ஸ்அப்பில் வந்து விழும் மங்கலான படங்களும், 40 நிமிடத்தில் தானாக அறுந்துபோகும் இலவச சூம் வகுப்பும், சிக்னல் தேடிக் குளக்கட்டில் ஏறி நின்ற மாலைகளும்தான் நினைவில் இருக்கின்றன. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணிநேரம் வரை நீண்டபோது அதுவும் நின்றுபோனது. அந்த நாட்களோடு ஒப்பிட்டால் இன்றைய வகுப்பு வேறோர் உலகம்.

வன்னியில் இதன் பெறுமதியை யாழ்ப்பாண நகரத்தில் இருப்பவர்கள் முழுமையாக உணர மாட்டார்கள். உயர்தரக் கணித, விஞ்ஞானப் பாடங்களுக்கு ஆசிரியர் கிடைப்பது இங்கு எப்போதும் திண்டாட்டமே. கிடைத்தாலும் இடமாற்றம் பெற்றுப் போய்விடுகிறார்கள். பொழுதுபட்ட பிறகு யானை இறங்கும் பாதையில் பெண்பிள்ளையைச் சைக்கிளில் ரியூசனுக்கு அனுப்ப எந்தத் தாய்க்கும் மனம் வராது. இப்போது மகள் வீட்டு விறாந்தையில் இருந்து, சடத்துவத் திருப்பம் விளங்காத இடத்தில் காணொளியை நிறுத்தி, நான்கு தடவை திருப்பிப் பார்க்கிறாள். வகுப்பறையில் நான்காவது தடவை கேட்கும் துணிவு அவளுக்கு இருந்ததில்லை.

ஆனால் அவள் எழுதுவதை அந்த ஆசிரியர் ஒருநாளும் கண்டதில்லை. நூற்றுக்கணக்கானோர் இருக்கும் வகுப்பில் "விளங்குதா?" என்று அவர் கேட்க, எல்லாரும் "ஓம் சேர்" என்று தட்டெழுதி அனுப்புகிறார்கள், விளங்காத பிள்ளையும் அதையே அனுப்புகிறது. புதுக்குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை நேரடி வகுப்பொன்றில் சேர்த்த இரண்டாம் வாரமே, மேசைகளுக்கிடையே நடந்துவந்த ஆசிரியர் அவளது கொப்பியைப் பார்த்து, விசை வரிப்படங்களில் உராய்வின் திசையைத் தொடர்ந்து பிழையாகக் குறித்து வருவதைக் கண்டுபிடித்தார். ஏழெட்டு மாதப் பிழை அது.

செய்முறையில் குறை இன்னும் பெரிது. கம்பியின் தடிப்பை அளக்கும் நுண்மானித் திருகுக் கணிச்சியில் 0.01 மில்லிமீற்றர் வரை அளக்கலாம் என்பதையும் பூச்சிய வழுவைத் திருத்தும் விதத்தையும் அவள் காணொளியில் பிழையின்றிக் கற்றிருந்தாள். கருவியைக் கையில் எடுத்தபோதோ, கம்பியை எவ்வளவு இறுக்குவது என்று தெரியாமல் நசித்துவிட்டாள். பின்புறக் குமிழைத் திருப்பும்போது வரும் 'கிளிக்' ஒலியைக் காதால் கேட்ட பிறகுதான் அளவு சரியாக வந்தது.

தொலைக்கல்வி வகுப்பறையை விழுங்கிவிடும் என்று பேசுவோர் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தைச் சற்றுப் பார்க்கலாம். 1980 இல் தொடங்கிய அந்த நிறுவனம் பாடநூல்களை வீட்டுக்கு அனுப்பிக் கற்பித்தபோதும், நேரடி அமர்வுகளையும் ஆய்வுகூட வகுப்புகளையும் கைவிடவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கும் விளக்கம் திரையில் வரட்டும். கொப்பி திருத்துவதும் கருவி பிடிக்கப் பழக்குவதும் நேரில் நடக்கட்டும். பாடசாலைக்கு ஆசிரியரை நியமிக்காமல் திரையொன்றை மாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வதற்கு இந்த வகுப்பைச் சாட்டாக்கினால், அதை எதிர்க்கும் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அடுத்த தவணைக்கும் பணம் கட்டிவிட்டேன். புதுக்குடியிருப்பு வகுப்பும் தொடர்கிறது. நடத்துநர்களிடம் ஒரு கோரிக்கை மட்டும் உண்டு: தவணைக்கு ஒருநாளாவது முல்லைத்தீவில் ஓர் ஆய்வுகூடத்தை ஒழுங்குசெய்து பிள்ளைகளை நேரில் சந்தியுங்கள். அதற்கு மேலதிகக் கட்டணம் கேட்டாலும் தருவேன்.