ஹெல்சிங்கா, வாம்பயர் நைட்டா?

ரத்தக்காட்டேரி நாயகரின் பழைய கதை தெரியவரும் கட்டம்தான் இந்த வகை மங்காவில் (ஜப்பானியப் படக்கதையில்) எனக்குப் பிடித்தது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இரண்டு கதைகளின் ரகசியமும் கீழே உடையும்.

கோட்டா ஹிரானோவின் ‘ஹெல்சிங்’ 10 தொகுதிகள். நாயகன் ஆலுகார்ட் என்ற பெயரை ஆங்கிலத்தில் (Alucard) திருப்பி எழுதினாலே டிராகுலா வந்துவிடும். ஆகவே ஆள் யார் என்பதில் மர்மமில்லை. அவன் 15ஆம் நூற்றாண்டில் வலாக்கியாவை (இன்றைய ருமேனியாவின் ஒரு பகுதி) ஆண்ட விளாட். போரில் தோற்று, தலை வெட்டப்படப் போகும் நேரத்தில் தரையில் தவழ்ந்து ரத்தத்தை நக்குகிறான். அதுவரை சிரித்தபடியே கொன்று குவித்தவன்மேல் அங்கே திடீரென்று பரிதாபம் வருகிறது. வசனம் அதிகமில்லை, கறுப்பு மை அப்பிய பக்கங்களே பேசுகின்றன.

மட்சுரி ஹினோவின் ‘வாம்பயர் நைட்’ 19 தொகுதிகள். இங்கே நாயகி யூகிக்கே தன் கடந்த காலம் தெரியாது. பனியில் தொடங்கும் நினைவுக்கு முன்னால் வெறுமை. அவளும் தூய ரத்தக்காட்டேரி வம்சம்தான். தாய் தன் உயிரைக் கொடுத்து அதை மறைத்திருக்கிறாள். சரி, அவள் காதலிக்கும் கனாமே அவளுடைய அண்ணன் என்று தெரிந்த பிறகும் காதல் தொடர்வது எனக்கு ஒட்டவில்லை.

மர்மம் வேண்டுமென்றால் ஹினோ. எனக்கு ஹிரானோதான், ரத்தம் பார்த்து முகம் சுளிக்காதவர்களுக்கு மட்டும்.