எர்பியம் அலைவழி ஒளிப்பெருக்கி: வாங்கலாமா?

எங்கள் ஒளியிழைத் தகவல்தொடர்பு ஆய்வகத்துக்காக வாங்கிய எர்பியம் அலைவழி ஒளிப்பெருக்கியைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். எர்பியம் என்ற தனிமம் கலந்த சிறு கண்ணாடித் துண்டில், ஒளியை வழிநடத்தும் நுண்பாதையான அலைவழிக்குள் ஒளிச் சமிக்ஞையை வலுப்படுத்தும் கருவி இது. எர்பியம் கலந்த ஒளியிழையில் இதே வேலையைச் செய்யும் வழக்கமான எர்பியம் இழைப் பெருக்கிக்கு இது மாற்றாகாது என்பதே என் முடிவு. ஆனால், ஒளியைப் பல கிளைகளாகப் பிரிக்கும் வேலைக்கு இதையே பரிந்துரைப்பேன்.

இழைப் பெருக்கியில் பல மீட்டர் சுருளில் நடக்கும் பெருக்கம், இங்கே சில சென்டிமீட்டர் கண்ணாடியில் முடிந்தாக வேண்டும். அதற்கு எர்பியம் மிகுதியாகத் தேவை. தூய சிலிக்காவில் செறிவைக் கூட்டினால் அயனிகள் திரண்டு, பெருக்கத்துக்குச் செல்ல வேண்டிய ஆற்றலைத் தமக்குள்ளேயே பரிமாறி வீணாக்கிவிடும். பாஸ்பேட் கண்ணாடியோ அதிக எர்பியத்தைத் திரளவிடாமல் ஏற்கிறது. உடன் கலக்கும் இட்டெர்பியம் என்ற தனிமம், பெருக்கத்துக்கு ஆற்றல் ஊட்டும், 980 நானோமீட்டரை ஒட்டிய அலைநீளமுள்ள பம்ப் ஒளியை வலுவாக உறிஞ்சி எர்பியத்துக்குக் கைமாற்றுகிறது. கண்ணாடியின் சோடிய அயனிகளை உருகிய உப்பில் வெள்ளி அயனிகளால் மாற்றி, ஒளிவிலகல் எண் உயர்ந்த பாதையாக அலைவழியை உருவாக்குகிறார்கள். உறையிடாத துண்டில் பம்ப் ஒளியைச் செலுத்தும்போது அலைவழி நெடுகத் தெரியும் பச்சை ஒளி மாணவர்களுக்கு மிகவும் பிடித்துவிடுகிறது. அது உண்மையில் வீணாகும் ஆற்றல்தான் என்பதையும் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

1535 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே பெருக்கம் தாராளமாகக் கிடைக்கிறது. 1560ஐ நெருங்கும்போது தெளிவாகக் குறைகிறது. பல அலைநீளங்களை ஒருசேர அனுப்புவோருக்குச் சமன்செய்யும் வடிகட்டி தேவைப்படும். இரைச்சல்தான் பெரிய குறை. இழையும் அலைவழியும் சேரும் நுழைவாயிலில் இழக்கும் ஒவ்வொரு டெசிபலும் (ஒளித்திறன் எத்தனை மடங்கு மாறுகிறது என்பதன் அளவு) அப்படியே இரைச்சல் எண்ணில், அதாவது சமிக்ஞையின் தரம் எவ்வளவு குறைகிறது என்பதன் அளவில், ஏறிவிடுவதால், மிக மெல்லிய சமிக்ஞையை முதலில் வலுப்படுத்தும் முன்பெருக்கியாக இழைப் பெருக்கியையே நம்புகிறேன்.

நான்காகப் பிரிக்கும் பிரிப்பானில் ஒவ்வொரு கிளைக்கும் ஒளியில் கால் பங்குக்கு மேல் கிடைக்காது; அதாவது குறைந்தது 6 டெசிபல் இழப்பு உண்டு. பிரிப்பானையும் பெருக்கியையும் ஒரே கண்ணாடியில் அமைத்த வகையில் அந்த இழப்பு அங்கேயே ஈடாகிறது. இடையில் இழைகளை ஒட்டும் வேலையும் மிச்சம். இடம் குறைந்த நகர்ப்புற வலையமைப்புக் கருவிகளுக்கு இது பெரிய வசதி.

விற்பனையாளர் தந்த குறிப்பேட்டில் ஒரே அலைநீளத்துக்குரிய பெருக்கமும் இரைச்சலும் மட்டுமே இருந்தன. வாங்குவோர் 1530 முதல் 1565 நானோமீட்டர் வரையிலான முழு வரைபடத்தையும், வெவ்வேறு உள்ளீட்டுத் திறன்களில் எடுத்ததாக, விலை பேசுவதற்கு முன்பே கேட்டு வாங்க வேண்டும்.