உண்ணிக்கு எது தாங்கும்: கழுத்துப் பட்டையா, சொட்டு மருந்தா, மாத்திரையா?

பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு மாத்திரை. என் ஓட்டு அதற்குத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுநிலையாக எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டின தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), வாசலில் கிடந்து வளர்கிற நாட்டு நாய்களுக்காக நான் செய்த தேர்வு இது. கோலாலம்பூர் கொண்டோவில் ஏர்கோன் அறையில் தூங்குகிற பூடிலுக்குக் கணக்கு வேறாக வரலாம்.

தெள்ளுப்பூச்சியைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. இங்கே சொல்லப்போகிற மூன்றுமே தெள்ளைக் கொல்லும். நாயின் மேல் ஓடுவது கொஞ்சம்தான்; முட்டையும் புழுவும் அது படுக்கிற சாக்கில்தான் கிடக்கும். சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். நம்மை ஆட்டிவைப்பது உண்ணி.

நம் ஊர் நாய்களைப் பிடித்துத் தின்பது பெரும்பாலும் பழுப்பு நாய் உண்ணி. இது புல்லில் இருந்து வருகிறது என்று நினைத்து, வீட்டைச் சுற்றிப் புல் வெட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர். உண்மையில் இது வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்துகிற ஜாதி. குஞ்சாக ஒருமுறை, இளசாக ஒருமுறை, வளர்ந்த பின் ஒருமுறை என்று மூன்று தடவை நாய்மேல் ஏறி, இரத்தம் குடித்து, கீழே விழும். வயிறு முட்டக் குடித்த பெட்டை ஆமணக்குக் கொட்டை மாதிரி உப்பி, அஞ்சடி என்கிற வாசல் நடைபாதையின் சுவரில் மெதுவாக மேலே ஏறிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். சுவரும் பலகையும் சேருகிற இடுக்கில் போய் உட்கார்ந்து, 4,000 முட்டை வரைக்கும் போட்டுவிட்டுச் செத்துப்போகும். குளிர்காலம் இல்லாத நாட்டில் இந்தச் சுற்றுக்கு ஓய்வே கிடையாது.

கூடவே எர்லிக்கியா, பபேசியா என்ற இரத்த நோய்களையும் அது கொண்டுவரும். நாய் சாப்பாட்டைத் தொடாது, ஈறு வெளுத்துப்போகும், சில நாய்க்கு மூக்கிலிருந்து இரத்தம் ஒழுகும். எர்லிக்கியா என்றால் வழக்கமாக 28 நாளுக்கு டாக்சிசைக்ளின் கொடுக்கச் சொல்வார்கள். தினமும் மாத்திரையை நாயின் தொண்டையில் இறக்கிப் பார்த்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும்.

சரி, கையில் இருக்கிற வழிகள் மூன்று. கழுத்துக்குப் பின்னால் முடியை விலக்கி ஊற்றுகிற சொட்டு மருந்து. பிப்ரோனில் உள்ள ஃபிரண்ட்லைன் எல்லாருக்கும் தெரிந்தது, மாதம் ஒருமுறை. அப்புறம் செரெஸ்டோ மாதிரியான கழுத்துப் பட்டை. இமிடாகுளோப்ரிட், ஃப்ளூமெத்ரின் என்ற இரண்டு மருந்தும் அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், எட்டு மாதம் வரை என்று சொல்கிறது. மூன்றாவது வாயில் கொடுக்கிற மாத்திரை: நெக்ஸ்கார்ட், சிம்பாரிக்கா இரண்டும் மாதம் ஒன்று, பிராவெக்டோ 12 வாரத்துக்கு ஒன்று.

இவற்றில் எது நல்ல மருந்து என்று கேட்டால் மூன்றும் நல்ல மருந்துதான். நம் ஊரில் விஷயத்தை முடிவு செய்வது தண்ணீர்.

பிப்ரோனில் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ஊற்றின இடத்திலிருந்து தோலில் உள்ள எண்ணெயோடு கலந்து உடம்பு முழுக்கப் பரவி, எண்ணெய்ச் சுரப்பிகளில் போய்த் தங்கும். அங்கிருந்து மாதம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக முடிக்கு வரும். அதனால்தான் ஊற்றுவதற்கு 48 மணி நேரம் முன்னும் பின்னும் குளிப்பாட்டாதே என்கிறார்கள். பாதகமில்லை, இரண்டு நாள் நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நாய் கேட்குமா? மத்தியானம் மூன்று மணிக்கு வானம் கறுத்தால் நாலு மணிக்கு மழை கொட்டும். மழை விட்டதும் என் நாய் கறுப்பன் செம்பனைக் காட்டுக்குள் ஓடி, பாரிட்டில் (தோட்டத்து வாய்க்காலில்) இறங்கி, உடும்பைத் துரத்திவிட்டு, வயிறு வரைக்கும் சேற்றோடு வந்து நிற்பான். அவனை அப்படியே வீட்டு வாசலில் படுக்க விட முடியுமா? சவர்க்காரம் போட்டுத்தான் தேய்க்க வேண்டும். வாரம் தவறாமல் இப்படிச் சவர்க்காரம் பட்டால் தோலில் எண்ணெய் எங்கே நிற்கும், எண்ணெயில் கலந்த மருந்து எங்கே நிற்கும்? மூன்றாவது வாரத்தில் காது மடிப்பை விரித்துப் பார்த்தால், விரலிடுக்கைப் பிரித்துப் பார்த்தால், புதுசாகக் குட்டி உண்ணிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் பலரும் இந்தக் குளியல் கணக்கைப் பார்ப்பதில்லை.

பட்டை இந்த விஷயத்தில் கொஞ்சம் மேல். நனைந்தால் உடனே கெட்டுவிடாது. ஆனாலும் அதன் விவரத் தாளிலேயே எழுதியிருக்கிறது: எட்டு மாதம் முழுசாக வேண்டும் என்றால் மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் குளிப்பாட்டாதே, அதற்கு மேல் நீந்துகிற நாய்க்குத் தெள்ளுக்கு ஐந்து மாதம், உண்ணிக்கு ஏழு மாதம் என்று குறைத்துக் கணக்குப் போடு. தினமும் பாரிட்டில் இறங்குகிற நாய்க்கு அந்த ஏழும் எவ்வளவு நிற்கும் என்று நான் சோதித்ததில்லை. முள்ளுச்செடியில் மாட்டிப் பட்டையே கழன்று விழுந்தால் என்ன செய்வது என்ற யோசனையும் எனக்கு உண்டு.

மாத்திரையில் மருந்து இரத்தத்தில் இருக்கிறது. மழை பெய்தால் என்ன, கறுப்பன் நாள் முழுக்க ஊறிக் கிடந்தால் என்ன. நான் இந்தப் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் இது ஒன்றே போதும். பிராவெக்டோவைச் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். வெறும் வயிற்றில் உடம்பு அதைச் சரியாக இழுத்துக்கொள்ளாது.

தேதி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மூன்று மாதத்துக்கு ஒன்று என்றதும் தை 1, சித்திரை 1, ஆடி 1, ஐப்பசி 1 என்று வைத்துக்கொண்டால் மறக்கவே மறக்காது என்று எனக்கும் ஆசை வந்தது. எண்ணிப் பார்த்தால் ஒத்துவரவில்லை. 12 வாரம் என்பது 84 நாள். சித்திரை ஒன்றிலிருந்து ஆடி ஒன்றுக்கு 94 நாள் ஆகிவிடும். அந்தப் பத்து நாள் இடைவெளி உண்ணிக்குப் போதும். அதனால் கோயில் காலண்டரில் 84 எண்ணி வட்டம் போட்டுவைப்பதுதான் சரி.

மாத்திரையின் குறையையும் சொல்ல வேண்டும், இரண்டு இருக்கிறது. முதலாவது, உண்ணி கடித்து இரத்தம் குடித்தால்தான் சாகும். கடித்த சில மணி நேரத்துக்குள்ளேயே எர்லிக்கியா நாய்க்குள் போய்விடலாம் என்று ஆராய்ச்சியில் பார்த்திருக்கிறார்கள். பட்டையில் உள்ள ஃப்ளூமெத்ரின் தொட்டாலே வேலை செய்யும், பல உண்ணி கடிப்பதற்குள் விழுந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் பட்டைதான் ஜெயிக்கிறது, மறுப்பதற்கில்லை. கறுப்பனுக்கு இதுவரை ஒன்றும் வரவில்லை. ஒரு நாயை வைத்துச் சாட்சி சொல்ல முடியாது என்பதும் தெரியும்.

இரண்டாவது வலிப்பு. இந்த மாத்திரைகள் எல்லாம் ஐசாக்சசோலின் என்ற ஒரே குடும்பம். 2018 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இவை சில நாய்களுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு கொண்டுவரலாம் என்று எச்சரித்தது. பெரும்பாலான நாய்களுக்குப் பாதுகாப்பானவை என்றும் சேர்த்தே சொன்னது. எங்கள் கிழவி ராணிக்கு ஏற்கெனவே வலிப்பு வந்திருக்கிறது. அவளுக்கு மாத்திரை கிடையாது, பட்டைதான். அவள் வாசலை விட்டு நகர்வதும் இல்லை, அதனால் தண்ணீர்ப் பிரச்சினையும் இல்லை. பட்டையைப் பற்றி 2021இல் அமெரிக்காவில் பெரிய சர்ச்சை கிளம்பியது. 2023இல் அங்குள்ள சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தடை போடாமல் நிபந்தனைகளோடு விற்க விட்டது. கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவில் இரண்டு விரல் போக வேண்டும், மிச்ச நீளத்தை வெட்டிவிட வேண்டும். குட்டி நாய்களில் எனக்கு அனுபவம் இல்லை, அதற்கு மிருக டாக்டரைக் கேளுங்கள்.

பூனை இருக்கிற வீட்டுக்காரர்கள் கொஞ்சம் நில்லுங்கள். நாய்க்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்கு ஒன்றும் செய்யாது, பூனைக்கு உயிரையே எடுத்துவிடும். ஊற்றின ஈரம் காயாத நாயோடு ஒட்டிப் படுத்தாலே ஆபத்துதான். பக்கத்து வீட்டு மாக்சிக்கின் (மலாய்க்கார அம்மாவின்) பூனைகள் எங்கள் வாசலில்தான் நாய்களோடு மத்தியானத் தூக்கம் போடும். பெர்மெத்ரினை நான் தொடவே தொடாததற்குக் காரணம் அதுகள்தான்.

மண்ணெண்ணெய், கறுப்பு எண்ணெய், தோட்டத்து ஸ்டோரில் இருந்து யாரோ ஒரு புட்டியில் கொண்டுவந்து தருகிற பூச்சிமருந்து, இதெல்லாம் இந்த ஒப்பீட்டிலேயே சேராது. நாய் நக்கும். நக்கினால் எல்லாம் வயிற்றுக்குள் போகும். "எங்க காலத்துல இதெல்லாம் பாத்தமாய்யா" என்பார் எங்கள் பெரியப்பா. அவர் காலத்தில் லயத்து நாய் எதனால் செத்தது என்று யாரும் விசாரித்ததும் இல்லை.

மாத்திரை கொடுத்த பிறகும் முதல் இரண்டு மூன்று மாதம் நாய்மேல் உண்ணி தெரியும். சுவர் இடுக்கில் ஏற்கெனவே இருக்கிற கூட்டம் ஏறிக்கொண்டே இருக்கும், ஏறினது சாகும். அந்த நேரத்தில் மருந்து வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிட்டால் பட்ட செலவு வீண். நாய்க்கூட்டின் பலகையைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி, சுவர் வெடிப்பைச் சிமெண்டால் அடைத்தால் சீக்கிரம் குறையும்.

விலையைக் கேட்டதும் எல்லாரும் கேட்கிற அடுத்த கேள்வி, பெரிய நாயின் மாத்திரையை வாங்கி இரண்டாக வெட்டி இரண்டு நாய்க்குக் கொடுக்கலாமா என்பது. கூடாது, உடைக்காமல் கொடுக்கச் சொல்லித்தான் பெட்டியிலேயே போட்டிருக்கிறது, வெட்டினால் எந்தத் துண்டில் எவ்வளவு மருந்து என்று சொல்ல முடியாது. பிராவெக்டோவில் 10 முதல் 20 கிலோ ஒரு பெட்டி, 20க்கு மேல் 40 வரை இன்னொரு பெட்டி. கறுப்பன் சரியாக அந்த 20இல் வந்து நிற்கிறவன். அவனைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, அப்புறம் நான் மட்டும் ஏறி, கழித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் வாங்கப் போகிறேன்.