ரெவிட்டில் டோப்போசாலிட்: புழங்கிப் பார்த்த பின்

கட்டடங்களை முப்பரிமாணத்தில் வடிவமைக்கும் மென்பொருளான ரெவிட்டின் 2024 பதிப்பில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த டார்க் தீம் வந்தது. அதே பதிப்பில், நிலத்தின் மேடு பள்ளத்தைக் காட்டும் பழைய டோப்போசர்ஃபேஸின் இடத்துக்கு டோப்போசாலிட் வந்தது. அதற்கு முணுமுணுப்புதான் அதிகம். இன்று டார்க் தீமைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சைட் மாடல் (கட்டடம் நிற்கும் நிலத்தின் மாடல்) செய்பவர்களிடம் டோப்போசாலிட்டைப் பிடுங்கினால் சண்டைக்கு வருவார்கள்.

காரணம் எளிது. பழையது வெறும் மேற்பரப்பு. இது ரெவிட்டின் தளம் (ஃப்ளோர்) போலவே அடுக்குகள் உள்ள திடப்பொருள்: மேல்மண், களிமண், பாறை என்று தனித்தனியாகக் கொடுக்கலாம், வெட்டுத்தோற்றமான செக்‌ஷனிலும் அப்படியே தெரியும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. டைப்பில் எந்த அடுக்கையும் ‘வேரியபிள்’ (தடிமன் மாறக்கூடியது) என்று குறிக்காவிட்டால் அடிப்பக்கமும் மேடு பள்ளத்தோடு சேர்ந்து வளைந்துவிடும். குறித்தால் அடி மட்டமாகிவிடும். ஆனால் சர்வேயின் (நில அளவையின்) தாழ்ந்த புள்ளி ஒன்று அடுக்கின் தடிமனைத் தாண்டிக் கீழே போனால் பிழைச்செய்தி வரும். தாழ்ந்த புள்ளிக்கும் கீழே அடி இருக்கும்படி தடிமனை முதலிலேயே கூட்டி வைப்பது நல்லது.

கேட் (CAD) வரைபடக் கோப்பிலிருந்து நிலத்தை எடுக்கும்போது கான்டூர் கோடுகளுக்கு (சம உயரக் கோடுகளுக்கு) உண்மையான உயரம் இருக்கிறதா என்று பாருங்கள். பல சர்வே கோப்புகளில் உயரம் பக்கத்தில் எழுத்தாக மட்டும் இருக்கும், கோடு பூஜ்ஜியத்தில் கிடக்கும். தரை தட்டையாக வந்தால் ரெவிட்டைத் திட்டிப் பயனில்லை. கால் மீட்டர் உயர இடைவெளிக் கான்டூர்களை அப்படியே கொட்டினால் மாடல் தவழும். கேட்டிலேயே ஒரு மீட்டருக்குக் குறைத்துவிட்டு, கட்டடத்தைச் சுற்றி மட்டும் நெருக்கமாக வைத்தால் போதும்.

2025 பதிப்பில் வந்த எக்ஸ்கவேட் (தோண்டும்) வசதிதான் மனத்தை மாற்றியது. தளத்தைக் கொண்டு மண்ணை வெட்டினால் தோண்டிய கன அளவும் கிடைக்கும். ஆனால் அந்த எண்ணை அப்படியே பில்லில் போடக்கூடாது. ஆள் இறங்கி வேலை செய்யும் இடைவெளி, பக்கச் சரிவு, தோண்டிய மண் உப்புவது எதுவும் அதில் சேராது. ஒரு 10 x 8 மீட்டர் குழியை 2 மீட்டர் ஆழம் தோண்டினால் 160 கன மீட்டர். சுற்றிலும் 300 மில்லிமீட்டர் விட்டால் 10.6 x 8.6 x 2, அதாவது 182-ஐத் தாண்டும். தோண்டுவதற்கென்றே தனித் தள டைப் ஒன்று வைத்து, எல்லையை அந்த அளவுக்கு வெளியே தள்ளி வரைவதே வழி. அந்தத் தளம் கான்கிரீட் பட்டியலில் நுழையாதபடி ஃபில்டர் போட மறக்க வேண்டாம்.

ரெவிட்டின் மற்ற வசதிகளில் 2022 பதிப்பின் நேரடி பி.டி.எஃப். ஏற்றுமதி சத்தமில்லாமல் உழைக்கிறது. ஷீட் எண், திருத்த எண் கொண்டு கோப்புப் பெயர் தானே அமையும்; ஷேடட் (நிறமிட்ட) வியூவில் நிழல் போட்டிருந்தால் ராஸ்டராகி, அதாவது கோடுகள் படப்புள்ளிகளாகி, கோப்பு பெருக்கும். அதே பதிப்பின் சரிந்து குறுகும் சுவரை எப்போதாவதுதான் தொடுகிறோம்.

பதிப்பு மாறும்போது ஒன்று: புதியதில் சேமித்த கோப்பு பழையதில் திறக்காது. ஸ்ட்ரக்சுரல், எம்.இ.பி. (ஏ.சி., மின்சாரம், குழாய்) ஆட்கள் எல்லோரும் தயாரா என்று கேட்டுவிட்டு, மாடலின் நகலில் மட்டும் முதலில் ஏற்றிப் பாருங்கள்.