உடல் பருமன் தடுப்பு: ஆர்க்கன்சா வழியா, பெர்க்லி வழியா?

மாநிலம் முழுமைக்கும் உடல் பருமன் தடுப்புச் சட்டம் வேண்டுமென்றால் எந்தெந்த அமைப்புகளை, எப்போது சேர்த்துக்கொள்வது? அமெரிக்காவில் இரண்டு வழிகளில் முயன்று பார்த்திருக்கிறார்கள்.

ஆர்க்கன்சா மாநிலம் சட்டமன்றத்திலிருந்து தொடங்கியது. 2003-இல் வந்த 1220-ஆம் எண் சட்டம், அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பிஎம்ஐயை (உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் கணக்கு) ஆண்டுதோறும் கணக்கிட்டு வீட்டுக்குத் தெரிவிக்கச் சொன்னது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் தின்பண்ட, குளிர்பான இயந்திரங்களை நெருங்கவும் தடை. மாநிலத்துக்கு ஓர் ஆலோசனைக் குழு, ஒவ்வொரு பள்ளி மாவட்டத்துக்கும் பெற்றோரும் ஆசிரியரும் அடங்கிய ஒரு குழு என்று சட்டத்திலேயே எழுதிவைத்ததுதான் பெரிய விஷயம். பிள்ளையின் எடையைச் சொல்லும் கடிதம் வந்ததும் பெற்றோர் பலர் கொதித்துப்போனார்கள். 2007-இல் சட்டத்தைத் திருத்தினார்கள்: ஒரு வகுப்பு விட்டு ஒரு வகுப்புக்கு மட்டும் அளவெடுப்பு, வேண்டாமென்று பெற்றோர் எழுதிக் கொடுக்கலாம். சட்டம் தேய்ந்தது, ஆனால் சாகவில்லை. அந்தக் குழுக்கள்தான் அதைத் தாங்கி நின்றன என்றே நினைக்கிறேன்.

கலிஃபோர்னியாவில் சர்க்கரைக் குளிர்பானங்கள் மீதான வரிக்கான முயற்சி நகரங்களிலிருந்து கிளம்பியது. 2012-இல் ரிச்மண்ட் வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வரியை நிராகரித்தார்கள். 2014 நவம்பரில் பெர்க்லி 76 சதவீத ஆதரவோடு ஜெயித்தது. அவுன்ஸுக்கு (சுமார் 30 மில்லி) ஒரு சென்ட் வரி. அங்கே ஆசிரியர் சங்கம், பள்ளி வாரிய உறுப்பினர்கள், கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்ஏஏசிபியின் உள்ளூர்க் கிளை, லத்தீன் மக்கள் அமைப்பு எல்லாம் ஓரணியில் நின்றன. ‘இது ஏழைகள் தலையில் விழும் வரி’ என்ற பிரசாரம் எடுபடாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதே நாளில் பக்கத்து சான் பிரான்சிஸ்கோவில் பாதிக்கு மேல் ஆதரவு கிடைத்தும் வரி தோற்றது. வசூலை உடல்நலத் திட்டங்களுக்கென்றே ஒதுக்கியிருந்ததால், மாநிலச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவைப்பட்டது. பெர்க்லி வசூலைப் பொது நிதியில் சேர்த்து, செலவு பற்றி ஆலோசனை சொல்ல நிபுணர் குழு வைத்தது. சாதாரணப் பெரும்பான்மையே போதுமாயிற்று.

ஆனால் நகரத்தில் திரட்டிய பலம் தலைநகர் சாக்ரமென்டோவில் செல்லவில்லை. எந்த உள்ளூர் வரிக்கும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கட்டாயம் என்ற தீர்மானத்தை மாநில வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகப்போவதாகக் குளிர்பான நிறுவனங்கள் 2018-இல் மிரட்டின. அதை அவை திரும்பப் பெறுவதற்கு விலையாக, 2031 வரை புதிய உள்ளூர் குளிர்பான வரிகளுக்கு மாநில அரசே தடை போட்டது.

மாநிலக் கொள்கைதான் இலக்கு என்றால் நான் ஆர்க்கன்சா பக்கம். ஒரே ஒரு திருத்தம்: பெற்றோர் குழுக்களைப் பெர்க்லிக்காரர்களைப்போல முன்கூட்டியே திரட்டி, கடிதத்தில் என்ன எழுதலாம் என்பதை அவர்களிடமே கேட்டிருக்க வேண்டும்.